தங்கதுரை போட்ட தாழ்ப்பாள்

பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி போகும் ரயில் பாதையில் மாஞ்சள்ளை என்று ஒரு நிறுத்தம் இருக்கிறது. ஊர் அங்கிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி. நிறுத்தத்தைச் சுற்றி மாந்தோப்புகள். தெற்கே திரும்பினால் நெல்லியாம்பதி மலை. வெள்ளைக்காரர் காலத்தில் மலையிலிருந்து இறக்கிய மரத்தை ஏற்றுவதற்காக அங்கே ஸ்டேஷன் கட்டினார்களாம். மாஸ்டர், பாயிண்ட்ஸ்மேன், கூட்ஸ் ஷெட், குடிதண்ணீர்க் கிணறு எல்லாம் இருந்திருக்கின்றன. மரம் வருவது நின்றதும் மாஸ்டரை எடுத்தார்கள். பிறகு அகலப்பாதை வேலைக்காக ஏழெட்டு வருஷம் ரயிலே ஓடவில்லை. மறுபடி ஓடியபோது மாஞ்சள்ளை வெறும் ஹால்ட் ஆகியிருந்தது. சிக்னல் கிடையாது, ரயில்வே ஆள் கிடையாது. கிழக்கே அரைக் கிலோமீட்டரில் இருந்த லெவல் கிராசிங்கை மூடிச் சுரங்கப்பாதை போட்டுவிட்டதால் கேட்கீப்பரும் போய்விட்டார். மிச்சம் இருப்பது ஒரு பிளாட்பாரம், எட்டடிக்குப் பத்தடியில் ஒரு புக்கிங் ஆபீஸ், அதற்கு மேலே கூடாரம் போட்ட மாதிரி இரண்டு பெரிய ஆலமரங்கள். நாளொன்றுக்கு நாலு வண்டி, ஒவ்வொன்றும் ஒரு நிமிஷம்.

அந்தப் புக்கிங் ஆபீசில் பதினொரு வருஷமாக டிக்கெட் கொடுப்பவர் தங்கதுரை. ரயில்வே ஊழியர் அல்ல, ஏஜெண்ட். பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூரில் வகுப்பெடுக்கப் போகும் நான் வாரம் இரண்டு முறை அவரிடம் டிக்கெட் வாங்குவேன். நடந்ததையெல்லாம் அவரே என்னிடம் சொன்னார், ஒரே மூச்சில் அல்ல, துண்டு துண்டாக. சில இடங்களில் நிறுத்திவிட்டு அடுத்த வாரம் தொடர்ந்தார்.

தங்கதுரைக்குப் பயம் தேனீதான். சின்னக் கொசுத்தேனீ அல்ல; பாறையிலும் உயரமான மரத்திலும் முறம் அகலத்துக்கு அடை கட்டுகிற மலைத்தேனீ. அவருக்குப் பதினோரு வயதிருக்கும்போது, அவர்கள் தோப்பில் பையன்கள் யாரோ கல்லெறிந்து ஒரு கூட்டைக் கலைத்துவிட்டார்கள். இவர் ஓடிப்போய்த் தண்ணீர்த் தொட்டியில் குதித்தார். மூச்சு வாங்கத் தலையைத் தூக்கும்போதெல்லாம் நெற்றியில் கொட்டியது. தொட்டிக்கு இருபதடி தள்ளி, மாமரத்தில் செவலைக்காளை கட்டியிருந்தது. அது ஒரு மணி நேரம் கத்தியது. தண்ணீருக்குள் காது முங்கியிருக்கும்போதும் அந்தச் சத்தம் கேட்டதாம். சாயங்காலம் அது செத்துக் கிடந்தது. அப்பா அடிக்கவில்லை, திட்டவுமில்லை. “அவுத்து உட்டிருந்தா ஓடிப் பொழச்சிருக்கும்” என்று மட்டும் சொன்னார்.

முப்பது வயதில் மறுபடி கொட்டியது. இரண்டே இரண்டு தேனீ. உள்ளங்கை அரித்து, உதடு வீங்கி, மூச்சு இழுத்து, நினைவு தப்பியது. பிழைத்து எழுந்தவரிடம் டாக்டர், உடம்பு இனி இதைத் தாங்காது, அடுத்த தடவை இன்னும் மோசமாக இருக்கும் என்று சொல்லி, அலர்ஜி மாத்திரையை எப்போதும் சட்டைப் பையில் வைத்திருக்கச் சொல்லிவிட்டார். அதோடு தோப்பு வேலையை விட்டுவிட்டார். கூரையும் கதவும் உள்ள வேலை வேண்டும் என்று தேடித்தான் இந்த ஏஜெண்ட் வேலைக்கு எழுதிப் போட்டார். பார்க்கப் போனது ஆடி மாதம். ஆலமரத்தில் ஒன்றும் இல்லை. தை பிறந்ததும் ஒரு நாள் காலையில் அண்ணாந்து பார்த்தார். நாலு அடை தொங்கிக்கொண்டிருந்தது. மாசி முடிவதற்குள் பதினாலு ஆயிற்று.

வருஷா வருஷம் தை மாதம் அவை வரும், மழை இறங்கியதும் போய்விடும். அகற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தார். மரம் நிற்பது ரயில்வே இடம், ஆனால் அதில் கை வைக்க வனத்துறை அனுமதி வேண்டும் என்றார்கள். வனத்துறையில் கேட்டால் ரயில்வேதான் மனுப்போட வேண்டும் என்றார்கள். மனைவி முத்தாத்தாள் விட்டுவிடச் சொன்னாள். விட்டால் மறுபடி தோப்புக்குத்தான் போக வேண்டும், தோப்பில் மட்டும் தேனீ இல்லையா என்பார். ஆகவே அந்த ஐந்து மாதமும் தலைக்கு எண்ணெய் வைக்காமல், வெள்ளை முழுக்கைச் சட்டை போட்டு, பிளாட்பாரத்தின் மேற்குக் கோடியில் ஏறிச் சுவரோடு சுவராக நடந்து ஆபீசுக்குள் நுழைந்துகொள்வார். டிக்கெட் கொடுக்கிற ஓட்டைக்குக் கொசுவலை அடித்திருந்தார். தோட்டத்து ஆட்கள் அவருக்கு ‘ஈத்துரை’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் காது படவே கூப்பிடுவார்கள். அவரும் திரும்பிப் பார்ப்பார்.

போன மார்ச் மாதம் ஒரு புதன்கிழமை, மத்தியானம் இரண்டு மணிக்கு ஒரு கார் வந்து நின்றது. கல்யாணத்துக்கு முன்னால் எடுக்கிற போட்டோக்களுக்காக வந்திருந்தார்கள். மாப்பிள்ளை சிவப்பிரகாஷ், பெண் ஜீவிதா. இருவரும் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். கேமராக்காரர் ரிஜின், பாலக்காட்டுக்காரர், இருபத்தாறு வயது. ஆலமரமும் பழைய பிளாட்பாரமும் படத்துக்கு நன்றாக இருக்கும் என்று வாரத்துக்கு ஒரு ஜோடியாவது அங்கே வருவதுண்டு. தங்கதுரை வலைக்குப் பின்னாலிருந்து, மரத்தடியில் சத்தம் போட வேண்டாம், சென்ட் அடிக்க வேண்டாம் என்று சொல்வார். ரிஜினின் தோள்பையில் டிரோனின் இறக்கை தெரிந்ததைப் பார்த்துவிட்டு, அதைப் பறக்க விடக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னார். ரிஜின் சிரித்த முகத்தோடு, “இல்ல சேட்டா, அது வேற எடத்துக்கு” என்றார்.

மூன்று மணி வாக்கில் வெளியே பெஞ்சில் குப்பண்ணன் மட்டும்தான் இருந்தார். தோப்பில் காய் பறிக்கிறவர். இரண்டு சாக்கு மாங்காயோடு பாலக்காடு போவதற்கு மூன்று இருபது பாசஞ்சருக்காகக் காத்திருந்தார். தங்கதுரை வலை வழியாகப் பார்த்தபோது ரிஜின் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் டிரோன் தரையிலிருந்து எழும்பியது.

வெளியே போய்க் கத்தியிருக்க வேண்டும் என்று தங்கதுரை என்னிடம் சொன்னார். கதவைத் திறந்தால் தலைக்கு நேர் மேலே அடை. நாலு அடி முன்னால் போனால்தான் அந்தப் பையனுக்குக் காது கேட்கும். அந்த நாலு அடி வைக்கக் கால் வரவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார். டிரோன் மேலே போய், பிளாட்பாரத்தில் நின்ற ஜோடியை உயரத்திலிருந்து பிடிப்பதற்காக மரத்தை ஒட்டிச் சுற்றியது. காற்றடித்ததோ என்னவோ, சட்டென்று கிளைக்குள் புகுந்தது. கரகரவென்று ஒரு சத்தம். ஒரு அடையில் பாதி பிய்ந்து பிளாட்பாரத்தில் பொத்தென்று விழுந்தது.

ஒரு நொடி ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு மரத்துக்குள்ளிருந்து, ரயில் தூரத்துப் பாலத்தில் ஏறும்போது வருகிற அந்த அடிச்சத்தம் எழுந்தது. வெயில் மங்கியது. தங்கதுரை, “உள்ள வாங்க, உள்ள வாங்க” என்று கத்தினார். குப்பண்ணன் ஒரு சாக்கைக் கொட்டிவிட்டு அதையே தலையில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். ஜீவிதாவும் சிவப்பிரகாஷும் கைகளால் முகத்தை மூடிக்கொண்டு தடுமாறி உள்ளே விழுந்தார்கள். அவளுடைய நீளமான உடை கதவில் மாட்டிக் கிழிந்தது. தங்கதுரை கதவை அடித்துச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டார்.

அப்போது வெளியே தட்டும் சத்தம் கேட்டது. ரிஜின் தண்டவாளத்தைத் தாண்டி வந்து சேர்ந்திருந்தார். “சேட்டா, சேட்டா” என்று தட்டினார். தங்கதுரையின் கை தாழ்ப்பாளின் மேல்தான் இருந்தது. அந்தக் கை திறக்க வரவில்லை. திறந்தால் அவரோடு எத்தனை உள்ளே வரும் என்ற ஒரே நினைப்புத்தான் மண்டைக்குள் ஓடியது. தட்டுவது கதவின் அடிப்பாகத்துக்கு இறங்கியது. காளை கத்திய சத்தம் காதில் கேட்டதாகச் சொன்னார். கேட்டும் கை அசையவில்லை.

ஜீவிதா அவர் முகத்தைப் பார்த்தாள். “அண்ணா, வெளிய ஆள் நிக்குதுங்க” என்றாள்.  அவள் அவருடைய கையைப் பிடித்துத் தள்ளிவிட்டுத் தாழ்ப்பாளை இழுத்தாள். ரிஜின் முட்டி போட்டபடி உள்ளே சரிந்தார். முகம், கழுத்து, காது எல்லாம் தேனீ மொய்த்துக் கறுப்பாக இருந்தது. கதவை மறுபடி சாத்தினார்கள். குப்பண்ணனும் சிவப்பிரகாஷும் ரெஜிஸ்டரையும் செருப்பையும் வைத்து உள்ளே வந்தவற்றை அடித்தார்கள். தங்கதுரை மேஜைக்கடியில் இருந்தார். எப்போது அங்கே போனார் என்று அவருக்கு நினைவில்லை.

உள்ளே அடங்கியதும் டிக்கெட் ஓட்டையை மேஜை விரிப்பால் அடைத்தார்கள். சிவப்பிரகாஷுக்கு இரண்டு கண்ணும் வீங்கி மூடிவிட்டன. ரிஜின் வாந்தி எடுத்தார். ஜீவிதா செல்போனில் தீயணைப்புக்காரர்களைக் கூப்பிட்டாள். வருவதற்கு அரை மணியாகும் என்றார்கள். அப்போதுதான் குப்பண்ணன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, வண்டிக்கு நேரமாயிற்றே என்றார்.

தங்கதுரை மேஜைக்கடியிலிருந்து எழுந்தார். பொள்ளாச்சியிலிருந்து வருகிற பாசஞ்சர். மார்ச் மாத வெயிலுக்கு எல்லா ஜன்னலும் திறந்திருக்கும். முந்நூறு பேராவது இருப்பார்கள். அது வந்து நிற்பது அந்த ஆலமரத்துக்கு நேர் அடியில். கிழக்கே ஒன்பது கிலோமீட்டரில் இருக்கிற ஸ்டேஷனுக்குப் போன் செய்தார். மாஸ்டர் துரைசுவாமி கல்பாத்திக்காரர். தங்கதுரை மாதாமாதம் டிக்கெட் கட்டு வாங்குவது அவரிடம்தான். விஷயத்தைக் கேட்டதும் அவர் குரல் மாறியது.

“வண்டி இங்கேருந்து போயாச்சே, தங்கதுரை. ஆறு நிமிஷம் ஆறது.”

வாக்கி-டாக்கியில் டிரைவரைக் கூப்பிட்டுப் பார்க்கிறேன் என்று இணைப்பிலேயே வைத்திருந்தார். அந்தப் பக்கம் அவர் திரும்பத் திரும்பக் கூப்பிடுவது கேட்டது. பதில் இல்லை. வண்டி ஓட்டும்போது டிரைவர்கள் செல்போனை அணைத்து வைத்திருப்பார்கள். கேட் இருந்த காலமானால் கேட்கீப்பர் கொடி காட்டியிருப்பார்.

“கிடைக்கலே” என்றார் துரைசுவாமி. “அங்கே உங்களை விட்டா வேற யாருமில்லே. ஆனா போங்கோன்னு என் வாயால நான் சொல்லமாட்டேன். உங்க உடம்பு எனக்குத் தெரியும்.”

சிவப்பிரகாஷ் தான் போவதாக எழுந்தார். சுவரில் முட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நான் போகிறேன் என்று ஜீவிதா சொன்னாள். கிழிந்த கல்யாண உடையில் ஒரு பெண் தண்டவாளத்தில் நின்று கையாட்டினால், ரீல்ஸ் எடுக்கிறார்கள் என்று நினைத்து டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே வந்துவிடுவார். ஹாரன் சத்தம் அந்தக் கூட்டத்தை இன்னும் வெறியாக்கும். கொடி இல்லாதவன் வண்டியை நிறுத்த எப்படி நிற்க வேண்டும் என்பதைத் தங்கதுரைக்கு எப்போதோ தண்டவாள வேலை பார்க்கும் ஒரு கேங்மேன் சொல்லித் தந்திருந்தார். இரண்டு கையையும் தலைக்கு மேலே நேராகத் தூக்கிக்கொண்டு தண்டவாளத்தின் நடுவில் நிற்க வேண்டும். அப்படி நின்றால் எந்த டிரைவரும் பிரேக் போடுவார்.

சட்டைப் பையிலிருந்த மாத்திரையில் இரண்டை மென்று விழுங்கினார். குப்பண்ணன் அவர் மேல் சாக்கைப் போட்டு, மூலையில் கிடந்த ஒரு கிழிந்த சாக்கை இடுப்பைச் சுற்றிக் கயிற்றால் கட்டினார்.  பயத்தில் தங்கதுரையின் கால்சட்டை நனைந்துவிட்டது. அதை மறைக்காமல் என்னிடம் சொன்னார். ஜீவிதா கதவை ஒரு ஆள் அகலத்துக்குத் திறந்து, அவர் வெளியே போனதும் சாத்தினாள்.

வெளியே வந்ததும் எதுவும் தெரியவில்லை. சாக்குக்கு வெளியே மழை பெய்வது மாதிரி அவை மோதிக்கொண்டிருந்தன. பாதத்தைப் பார்த்துப் பார்த்துப் பிளாட்பாரத்தின் சரிவில் இறங்கினார். ஓடினால் கூட்டம் துரத்தும் என்று தெரியும், நடந்தால் நேரமில்லை. ஓடினார். ஜல்லியில் ஒரு செருப்பு கழன்றது. கணுக்காலில் முதல் கொட்டு. பிறகு முழங்காலுக்குப் பின்னால், பிறகு விரல்களில். எண்ண வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே எண்ணினார். ஏழு வரைக்கும் நினைவிருக்கிறது. சுரங்கப்பாதை மேட்டை நெருங்கியபோது உள்ளங்கை அரிக்க ஆரம்பித்தது. அந்த அரிப்பு என்ன என்று அவருக்குத் தெரியும்.

எதிரே வளைவில் என்ஜினின் முகம் தெரிந்தது. சாக்கைப் போர்த்திக்கொண்டு கையைத் தூக்க முடியாது. தூக்கினாலும் என்ஜினிலிருந்து பார்க்கிறவருக்குச் சாக்குமூட்டைதான் தெரியும். பின்னாலேயே தொடர்ந்து வந்தவை இன்னும் சாக்கின் மேல் ஊர்ந்துகொண்டிருந்தன. கண்ணை மூடிக்கொண்டு சாக்கை உதறி எறிந்தார். இரண்டு கையையும் தூக்கினார். கையைத் தூக்கியதும் அக்குளில் கொட்டியது, கழுத்தில் கொட்டியது. இறக்கத் தோன்றியது. இறக்கவில்லை. “தைரியமெல்லாம் இல்லீங்க. கண்ணை மூடிட்டதால வண்டி எம்மேல ஏறப்போவுதுன்னு நெனச்சுட்டே நின்னேன்” என்றார்.

நிறுத்தத்துக்காக ஏற்கெனவே வேகம் குறைத்திருந்ததால் வண்டி அவருக்கு முன்னால் முப்பது அடியில் நின்றது. டிரைவர் ஏசுதாஸ் இறங்கி வந்தார். தங்கதுரைக்கு நாக்கு தடித்துப் பேச்சு வரவில்லை. முன்னால் மரத்தைக் காட்டி, “ஈ… ஜன்னலைச் சாத்தச் சொல்லுங்க” என்று சொன்னது ஏசுதாஸுக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் தூரத்தில் பிளாட்பாரத்தின் மேல் சுழன்றுகொண்டிருந்த கருமேகம் கண்ணுக்குத் தெரிந்தது. கார்டும் டிக்கெட் பரிசோதகரும் பெட்டி பெட்டியாக ஓடி ஷட்டரை இறக்கச் சொன்னார்கள். தங்கதுரையைத் தூக்கிக் கார்டு பெட்டியில் கிடத்தினார்கள். இருபது நிமிஷம் காத்திருந்து, ஹாரன் அடிக்காமல், மாஞ்சள்ளையில் நிற்காமல் வண்டி மெதுவாகக் கடந்து போயிற்று. ஷட்டரின் மேல் அவை மோதுவது எல்லோருக்கும் கேட்டது. ஒரு குழந்தைகூட அழவில்லையாம். அடுத்த ஸ்டேஷனான கொல்லங்கோட்டில் ஆம்புலன்ஸ் காத்திருந்தது. தங்கதுரைக்கு ஊசி போட்டதும் மூச்சு திரும்பியது. பத்தொன்பது கொடுக்கு எடுத்தார்கள்.

மற்றவர்களைத் தீயணைப்புக்காரர்கள் புகை போட்டு வெளியே கொண்டுவந்தார்கள். சிவப்பிரகாஷும் ஜீவிதாவும் மறுநாளே வீடு திரும்பினார்கள். ரிஜினுக்குத்தான் நூற்றுக்கு மேல் கொட்டியிருந்தது. சிறுநீரகம் பாதிக்கும் என்று ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டார்கள்.

பேப்பரில் தங்கதுரையின் படம் வந்தது. ரயிலைக் காப்பாற்றியவர் என்று போட்டிருந்தார்கள். துரைசுவாமி வந்து கையைப் பிடித்துக்கொண்டு, மேலே எழுதியிருக்கிறேன், ஏதாவது விருது கொடுப்பார்கள் என்றார். ஈத்துரை என்று கூப்பிட்டவர்கள் மாம்பழக் கூடையோடு வந்தார்கள். வந்தவர்களிடமெல்லாம் அவர் தலையை ஆட்டினார். பேப்பர் வந்த அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் யாரும் இல்லாதபோது கதவு விஷயத்தை முத்தாத்தாளிடம் சொன்னார். அவள் முழுவதையும் கேட்டாள். பிறகு, “அந்தப் பையங்கிட்டப் போய்ச் சொல்லிப்போட்டு வாங்க. ஊரெல்லாம் புகழுறதைக் கேட்டுட்டு நீங்க கம்முனு இருந்தா எனக்கே உங்க மூஞ்சியைப் பாக்க முடியாது” என்றாள்.

ஆறாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனார். ரிஜினின் முகம் இன்னும் வீங்கியிருந்தது. கண்கள் கீற்றாகத் தெரிந்தன. தங்கதுரை கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றபடியே, அன்றைக்குக் கதவைத் திறக்காமல் பிடித்துக்கொண்டிருந்தது நான்தான், திறந்தது அந்தப் பெண் என்று சொன்னார்.

ரிஜின் விட்டத்தைப் பார்த்தார். “தாழ்ப்பாள் துருப்பிடிச்சு மாட்டிக்கிச்சுன்னு நெனச்சேன், சேட்டா” என்றார்.

“மாட்டலீங்க. எங்கையி அதும்மேலதான் இருந்துச்சு.”

“எத்தனை தடவ தட்டினேன்?”

“ஒம்பது” என்றார் தங்கதுரை.

ரிஜின் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நர்ஸ் வந்து பாட்டில் மாற்றிவிட்டுப் போகிற வரைக்கும் திரும்பவில்லை.  பிறகு சுவரைப் பார்த்தபடியே ரிஜின், டிரோன் விடக் கூடாதென்று நீங்கள் இரண்டு தடவை சொன்னீர்கள், நான் பொய் சொல்லிவிட்டுத்தான் அந்தப் பக்கம் போனேன் என்றார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. தங்கதுரையும் கேட்கவில்லை. கிளம்பும்போது, “இனி இங்கே வர வேண்டா, சேட்டா. எனக்கு அந்தக் கதவு நினைவு வருது” என்றார். தங்கதுரை சரியென்று தலையசைத்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு போகவில்லை. ரிஜின் மூன்று வாரத்தில் குணமாகி வேலைக்குத் திரும்பினார் என்று ஜீவிதா போனில் சொன்னாள். விருது விஷயமாகக் காகிதம் வந்தபோது தங்கதுரை, நடந்தது முழுவதையும் கதவு உட்பட எழுதிக் கொடுத்தார். அதன் பிறகு விருதைப் பற்றி வேறு காகிதம் வரவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் மரம் அப்படியேதான் இருக்கிறது. படம் எடுக்கக் கூடாது என்று பலகை வைத்திருக்கிறார்கள். புக்கிங் ஆபீஸ் கதவுக்கு இரும்பு வலை வந்திருக்கிறது. டாக்டர் எழுதிக் கொடுத்த ஊசி மருந்து மேஜையில் ஒரு டப்பாவில் இருக்கிறது; அதைப் போட முத்தாத்தாள் கற்றுக்கொண்டு, தை முதல் வைகாசி வரைக்கும் அவருடனேயே வந்து உட்கார்ந்திருக்கிறாள். போன வாரம் நான் போனபோது அடைகள் மறுபடி ஒன்பது தொங்கின. வேலையை விட்டுவிடலாமே என்று கேட்டேன்.

“பயமாத்தான் இருக்குதுங்க. இன்னிக்கும் காலைல செவுத்தோட செவுராத்தான் நடந்து வந்தேன்” என்றார் தங்கதுரை. டிக்கெட்டைக் கிழித்து வலையின் இடுக்கு வழியாகத் தள்ளினார். “வெளிய பெஞ்சுல உக்காராதீங்க. வண்டி வர்ற வரைக்கும் உள்ள வந்து இருங்க.”

முத்தாத்தாள் கதவைத் திறந்தாள். நான் உள்ளே போய் அவர்களோடு உட்கார்ந்துகொண்டேன். வண்டி பதினைந்து நிமிஷம் தாமதம் என்றார்கள்.  மேலே அந்த இரைச்சல் கேட்டுக்கொண்டே இருந்தது.